வெட்டுறதுக்கு ஒரு ஆள் வேணும், பாப்பா

லோபாக்னா மலாய்ல முள்ளங்கி. பின்னால 'மேரா'ன்னு ஒரு வால் சேத்துட்டா அதுவே காரட்டு. சிரம்பான் பட்டணத்துக்குள்ள இப்படி ஒரு பேர வச்சிக்கிட்டு நாங்க குடியிருக்கோம். முள்ளங்கி ஊர்க்காரன் பேச்சுல கொஞ்சம் காரமும் இருக்கும், கொஞ்சம் வாயுவும் இருக்கும், பொறுத்துக்குங்க.

தோட்டத்துல பால்மரம் வெட்டினோம். அப்புறம் மரத்தையே வெட்டிச் செம்பனை நட்டாங்க. அப்புறம் செம்பனையையும் சாய்ச்சு வீடு கட்டி வித்தாங்க. லயத்தக் காலி பண்ணிட்டு மூட்டை முடிச்சோட இங்க வந்து எறங்கினவன் நான். வயசு தொண்ணூறத் தொடப் போவுது. எங்க லோரோங்லயே மூத்தவன் நான்தான். கோயில்ல அன்னதானம்னா மொத எலை எனக்கு. அந்த உரிமையிலதான் ஊருக்கெல்லாம் புத்தி சொல்றேன். கேட்டவங்களுக்கு ஒரு பங்கு, கேக்காதவங்களுக்கு ரெண்டு பங்கு.

போன சனிக்கெழம சாயங்காலம் மூணாவது வீட்டுப் பாப்பா வந்துச்சு. பல்கலைக்கழகத்துல பத்திரிகை, தொடர்புத்துறைன்னு என்னமோ படிக்குது. கையில ஒரு பைலு, மூஞ்சியில பால் கொட்டிப்போன கணக்கா ஒரு சோகம்.

"தாத்தா, எனக்கு இன்னும் எல்.ஐ. கெடைக்கல."

"அப்படின்னா என்னம்மா, புது வியாதியா? ஊசி உண்டா?"

"லத்திஹான் இண்டுஸ்த்ரி தாத்தா. இண்டர்ன்ஷிப்."

"அட, பிராக்டிக்கல்னு சொல்லு. ஊட்டுல சும்மா இருக்கிறத ஆபீஸ்ல போயி சும்மா இருக்கிறது."

பாப்பா சிரிக்கல. பதினேழு எடத்துக்கு ஈமெயில் போட்டாச்சாம். ரெண்டு எடத்துலருந்து 'உங்கள் கடிதம் கிடைத்தது'ன்னு பதில் வந்துச்சாம். அது மெசினு போடுற பதில். மிச்சம் பதினஞ்சும் கெணத்துல போட்ட கல்லு.

"அந்தக் கடுதாசியக் காட்டு"ன்னேன். படிச்சுக் காட்டுச்சு. 'மதிப்புமிக்க தங்கள் நாளிதழில்'னு ஆரம்பம். யாருக்குன்னு பாத்தா ரேடியோவுக்கு. ஒரே கடுதாசிய பதினேழா ஈனியிருக்கு, பேர மாத்தறதுக்கு மறந்துபோச்சு. கீழ, 'அழுத்தத்திலும் சிறப்பாகப் பணியாற்றக் கூடியவள்'னு ஒரு வரி. எனக்குந்தாம்மா அழுத்தம் இருக்கு, காலையில ஒரு மாத்திரை, ராத்திரி ஒரு மாத்திரை, என்னையும் சேத்துக்குவாங்களான்னு கேட்டேன். அதுக்கப்புறந்தான் ஒரு சின்னச் சிரிப்பு வந்துச்சு.

சரி, இந்த ஏற்பாடு எப்படித்தான் நடக்குதுன்னு விலாவாரியா விசாரிச்சேன். தோட்டத்துல பேர் பதியறதவிடப் பெரிய சடங்கா இருக்கு. பேக்கல்ட்டி ஒரு சூராட், அதான் கடுதாசி, குடுக்கும். அதுகூட ரெசுமே, மார்க்கு லிஸ்ட்டு எல்லாம் சேத்து இவ அனுப்பணும். எடுத்துக்கிறோம்னு ஆபீஸ்காரன் ஒரு போராங்ல, பாரத்துல, சாப் குத்தித் திருப்பணும். அப்புறம் குறிச்ச நாள்ல போயி லாப்போர் டீரி, வந்துட்டேன்னு சொல்லணும். பன்னெண்டு வாரமோ, பதினாறோ, அதுக்கு மேலயோ, ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் ஒரு கணக்கு. வாரா வாரம் புக்கு லோக்ல என்ன செஞ்சேன்னு எழுதி அங்க இருக்கிற மேலாளர்கிட்ட கையெழுத்து. நடுவுல ஒருநாள் லெக்சரர் வந்து எட்டிப்பாப்பாரு. கடேசில ஒரு அறிக்கை, ஒரு மதிப்பெண் பாரம். முடிஞ்சுது கல்யாணம். இத்தனை காயிதத்துலயும் ஒரு எடத்துலகூட 'இந்தப் புள்ளைக்கு யாரு கத்துக்குடுப்பா'ன்னு ஒரு கட்டம் இல்ல. தேடித் தேடிப் பாத்தேன். சாப் குத்த எடம் இருக்கு, கையெழுத்துக்கு எடம் இருக்கு, கார் பார்க்கிங் வசதி உண்டான்னு கேக்கக்கூட ஒரு வரி இருக்கு.

"ரொம்பச் சுலபம் பாப்பா, நான் வழி சொல்றேன் கேளு"ன்னு ஆரம்பிச்சேன். "கோலாலம்பூர்ல ரொம்ப ஒசரமான கட்டடமாப் பாத்து எழுதிப் போடு. லிப்டு முன்னால நின்னு படம் புடிச்சு போன்ல ஏத்தலாம். ஏர்கோன் நல்லா குளுரணும். ஒரு அட்டை குடுக்கணும், அதக் கழுத்துல மாட்டிக்கிட்டே சாப்பாட்டுக் கடைக்குப் போவணும், அப்பத்தான் மீ கோரெங் போடுறவனுக்கும் தெரியும் நீ பத்திரிகைக்காரின்னு. காலையில எட்டு பேருக்கு கோப்பி வாங்கப் போ. அந்தக் கணக்க மட்டும் சரியா மனசுல வச்சுக்க: யாருக்கு கோப்பி ஓ, யாருக்கு தே சி கோசோங். அதான் தகவல் சேகரிப்பு. மத்தியானம் போட்டோஸ்டாட். சாயங்காலம் பழைய பேப்பர அடுக்கு. புக்கு லோக்ல 'ஆவணக் காப்பகப் பணி'ன்னு எழுது. வாரம் முடிஞ்சா அவரு கையெழுத்துப் போடுவாரு, அவரும் படிக்க மாட்டாரு, லெக்சரரும் படிக்க மாட்டாரு. மூணு பேருக்கும் சந்தோஷம்."

"தாத்தா, கிண்டல் பண்றீங்க."

"நான் எங்கம்மா கிண்டல் பண்றேன். போன வருஷம் அஞ்சாவது வீட்டுப் பையன் இப்படித்தான் பாஸ் பண்ணான். இப்ப இன்சூரன்ஸ் விக்கிறான்."

இந்தப் பையன் கத உண்மை. எந்த ஆபீஸுன்னு நான் சொல்லப் போறதில்ல. நாலு மாசத்துல அவன் எழுதின சேதி ஒண்ணே ஒண்ணு. அதுவும் ஒரு டத்தோ மண்டபத்துல மாலை வாங்கின சேதி. 'சிறப்பு வருகை புரிந்து திறந்து வைத்து உரையாற்றினார்.' என்ன உரையாத்தினாருன்னு கேட்டேன். அது தெரியாதாம். இவன் போனப்போ பிரியாணிப் பொட்டலம் குடுக்க ஆரம்பிச்சுட்டாங்களாம்.

பாப்பாவுக்கு என் வெட்டுக் கத்தியக் காட்டினேன். துரு ஏறிப் போயி சாமி மாடத்துக்குப் பின்னால கெடக்குது. பால்மரம் வெட்டப் பழகறதும் ஒரு பிராக்டிக்கல்தான். எங்க அப்பா எடுத்த எடுப்புல நல்ல நெரையில என்னை விடல. வெட்டிச் சாய்க்கறதுக்குக் குறிச்சு வச்சிருந்த கெழட்டு மரமா நாலு காட்டி, இதுல பழகுடான்னாரு. விடியறதுக்கு முன்னால, தலையில வெளக்கு. மொதல்ல நேத்து வெட்டுன கோட்டுல காஞ்சு கெடக்கிற ஒட்டுப்பால உரிச்சு எடுக்கணும். அப்புறம் கத்திய வச்சு எடது மேலேர்ந்து வலது கீழ வரைக்கும் சரிவா ஒரே இழுப்பு. பட்டையில ஒரு காயிதக் கனம், மிஞ்சினா ஒண்ணரை மில்லி போவணும். மேலாக்கா சொரண்டினா பால் வராது, சொட்டு சொட்டா அழுவும். ஆழமாப் போயிட்டா கத்தி கட்டையத் தொட்டுடும். தொட்ட எடத்துல திரும்ப வளர்ற பட்ட முண்டும் முடிச்சுமா வரும். பல வருஷம் கழிச்சு அதே பக்கம் வெட்ட வர்றப்ப கத்தி ஏறாது. பட்டைக்கும் கட்டைக்கும் நடுவுல இருக்கிற அந்தக் கண்ணுக்குத் தெரியாத தோலு எங்க இருக்குன்னு எந்தப் பொஸ்தகத்தாலயும் காட்ட முடியாது. கைக்குத்தான் தெரியும்.

நான் மொத மரத்துலயே காயம் போட்டேன். அப்பா ஒண்ணும் திட்டல. பின்னால வந்து என் கையோட சேத்து அவரு கையையும் கத்தியில வச்சாரு. அவரு கையில வெத்தல வாசன. ஒரு கோடு அவரு இழுத்தாரு, ஒரு கோடு நான் இழுத்தேன். அடுத்த கோட்டுக்கு அவரு கைய எடுத்துட்டாரு, எனக்குத் தெரியாமலே. ரெண்டு வாரம் அப்படி. மூணாவது வாரம் கங்காணி வந்து வெளக்கப் புடிச்சு ஒவ்வொரு மரமாப் பாத்து, காயம் எங்கெங்கன்னு சுண்ணாம்பால புள்ளி வச்சுட்டுப் போனாரு. பதினோரு புள்ளி. இன்னிக்கும் எண்ணிச் சொல்வேன்.

"எனக்கு எதுக்கு தாத்தா ரப்பர் கதை"ன்னு கேட்டா பாப்பா.

"உன் எழுத்துல சுண்ணாம்புப் புள்ளி வைக்கிறதுக்கு அந்த ஆபீஸ்ல யாரு இருக்கான்னு கேட்டியா?"

கேக்கல. பதினேழு எடத்துல ஒரு எடத்துலயும் கேக்கல. ஏர்கோன் பத்திக்கூட அவ கேக்கல, பாவம், அது நான் சேத்துக்கிட்டது. அவ கேட்டதெல்லாம் 'என்னை எடுத்துக்குவீங்களா'ங்கற ஒண்ணுதான்.

இந்த நாட்டுல தமிழ்ப் பேப்பர்கள் எழுதுறவங்கள உண்டாக்கினது பாரத்தாலயோ சாப்பாலயோ இல்ல. 1924ல நரசிம்ம ஐயங்கார் ஆரம்பிச்ச தமிழ் நேசன் ஒண்ணு இருந்துச்சு. தோட்டத்துல ஒரு பேப்பர் வந்தா ஒரு லயமே படிக்கும். எழுத்துக் கூட்டத் தெரிஞ்சவன் ஒருத்தன் சத்தமாப் படிப்பான், மத்தவங்க வெத்தல போடுவாங்க. 1950ல அந்தப் பேப்பர்ல 'கதை வகுப்பு'ன்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க. சுப. நாராயணன் ஒருத்தரு, பைரோஜி நாராயணன் ஒருத்தரு, ரெண்டு நாராயணன். கதை எப்படி எழுதறதுன்னு பேப்பர்லயே பாடம் நடத்தினாங்க. அடுத்த வருஷம் வரைக்கும் நடந்துச்சு. கட்டடம் இல்ல, கட்டணம் இல்ல, கழுத்துல மாட்டுற அட்டை இல்ல. மலேசியத் தமிழ்ச் சிறுகதைக்கு வெத போட்டது அந்த வகுப்புன்னு படிச்சவங்க இன்னிக்கும் சொல்றாங்க. 1950ல நானே ஒரு கதை எழுதி அனுப்பினேன் பாப்பா. கள்ளுக்கடைய வச்சு ஒரு கதை.

"நீங்களா தாத்தா!" கண்ணு விரிஞ்சுபோச்சு அவளுக்கு.

"பின்ன." நான் மீசையத் தடவிக்கிட்டேன். இப்ப மீச இல்லாட்டியும் தடவுற பழக்கம் போவல.

1952ல அதே தமிழ் நேசனுக்கு கு. அழகிரிசாமி வந்தாரு. கோவில்பட்டிப் பக்கம் இடைசெவல்காரர். அங்கேயே பெரிய எழுத்துக்காரர்னு பேரு எடுத்துட்டு இங்க வந்து 1957 வரைக்கும் இருந்தாரு. சும்மா வந்தோம், சம்பளம் வாங்கினோம்னு இருக்கல. இலக்கிய வட்டம்னு ஒண்ணு கூட்டி, எழுதறவங்கள உக்கார வச்சு, அவங்க எழுதினத அவங்க முன்னாலயே அலசினாரு. நல்லா இல்லாத கதைய நல்லா இல்லன்னு சொன்னாரு. அதக் கேட்டு மொகம் செவந்தவங்க உண்டு. செவந்த மொகத்தோட ஊட்டுக்குப் போயி மறுபடி எழுதினவங்களும் உண்டு. சிங்கப்பூர்ல கோ. சாரங்கபாணி 1935ல தொடங்கின தமிழ் முரசு இருக்கே, அது அம்பதுகள்ல பள்ளிக்கூடப் புள்ளைங்களுக்குன்னே மாணவர் மணிமன்றம்னு ஒரு பக்கத்த ஒதுக்கிச்சு. அந்தப் பக்கத்துல மொத மொதல்ல பேரப் பாத்தவங்கதான் பின்னால கவிஞர்னும் ஆசிரியர்னும் வந்தாங்க. ஜொகூர்ப் பாலத்துக்கு இந்தப் பக்கமும் சரி, அந்தப் பக்கமும் சரி.

தமிழ்நாட்டுல ஆனந்த விகடன் மாணவப் பத்திரிகையாளர்னு ஒரு திட்டம் வச்சு, காலேஜுல படிச்சிக்கிட்டிருக்கிற பசங்களப் பொறுக்கி எடுத்து எழுத விட்டாங்க. அதுல எனக்குப் புடிச்ச சங்கதி, அந்தப் பசங்க மெட்ராசுல போயி உக்கார வேணாம். அவங்கவங்க ஊருலயே, அவங்கவங்க மாவட்டத்துச் சேதிய எழுதலாம். தெருமுனையில நடக்கிறதுதான் அவனுக்குத் தெரியும், அத எழுதுடான்னு விட்டாங்க. அதுலருந்து வந்தவங்க இன்னிக்கு எத்தனையோ பத்திரிகையிலயும் டி.வி.யிலயும் சினிமாவுலயும் இருக்காங்க.

"அதெல்லாம் அந்தக் காலம் தாத்தா. இப்ப எங்க பேப்பரே இல்லியே"ன்னா பாப்பா.

அதுவும் வாஸ்தவந்தான். 1924ல பொறந்த தமிழ் நேசன் 2019 பிப்ரவரி மொத தேதியோட கண்ண மூடிச்சு. அன்னிக்குக் காலையில பேப்பர்க் கடையில நின்னுக்கிட்டிருந்தேன், கையில காசோட. அதே வருஷம் அக்டோபர்ல உத்துசான்ங்கற மலாய்ப் பேப்பரையும் மூடினாங்க. 1939 மே 29ல அந்த உத்துசான் மொத எதழ் வந்த நாளத்தான் இப்ப நாட்டோட பத்திரிகையாளர் தினம்னு கொண்டாடறாங்க. பேப்பர் படுத்துச்சு, தினம் மட்டும் வருஷா வருஷம் எழுந்திரிக்குது. உத்துசான் அடுத்த வருஷம் வேற கையில மறுபடி எழுந்துச்சு, அது அவங்க அதிர்ஷ்டம். நேசன் எழும்பல.

ஆளு கொறஞ்சா என்ன நடக்கும்? அஞ்சு பேரு பாத்த வேலைய ரெண்டு பேரு பாப்பாங்க. அந்த ரெண்டு பேருக்கும் உனக்குச் சொல்லிக்குடுக்க நேரம் ஏது? அவங்களுக்கு வேண்டியது கத்துக்க வர்ற புள்ள இல்ல, கத்துக்கிட்டு வந்த புள்ள. சம்பளம் கேக்காத புள்ளயா இருந்தா இன்னும் விசேஷம். அவங்களையும் குத்தம் சொல்ல முடியாது பாப்பா. பால் புடிக்கிற மங்கு காலியா இருக்கிறப்ப மரத்த எப்படித் தடவிக் குடுத்துக்கிட்டு இருப்பான்.

அரசாங்கம் இதுக்கும் ஒரு மருந்து வச்சிருக்கு. டேலண்ட்கோர்ப்னு ஒரு அமைப்பு, அதுல ஒரு திட்டம். முறைப்படி இண்டர்ன எடுத்து, மாசாமாசம் கொறஞ்சபட்ச அலவன்ஸ் குடுத்து வச்சுக்கிற கம்பெனிக்கு, அந்தச் செலவுக்கு ரெட்டிப்பு வரிக்கழிவு. நல்ல திட்டந்தான். லாபம் சம்பாதிக்கிற பேங்கும் எண்ணெய்க் கம்பெனியும் சந்தோஷமா எடுத்துக்குவாங்க. லாபமே பாக்காத தமிழ்ப் பேப்பருக்கு ரெட்டிப்பு வரிக்கழிவு எதுக்கும்மா? மொட்டத் தலையனுக்குச் சீப்பு ஒண்ணுக்கு ரெண்டாக் குடுத்த மாதிரி.

அமெரிக்காவுல ஒரு கூத்து நடந்துச்சு. பேரன் போன்ல வாசிச்சுக் காட்டினான். 'பிளாக் ஸ்வான்'னு ஒரு படம், அன்னப்பறவை கதை. அதுல சம்பளமில்லாம வேலை பாத்த இண்டர்ன் ரெண்டு பேரு 2011ல பாக்ஸ் சர்ச்லைட்ங்கற படக் கம்பெனி மேல கேஸ் போட்டுட்டாங்க. கோப்பி வாங்கினோம், சாப்பாட்டு ஆர்டர் எடுத்தோம், குப்பை கொட்டினோம், இது படிப்பா வேலையான்னு. 2013ல நீதிபதி, இது வேலதான், கூலி குடுன்னுட்டாரு. 2015ல மேல்கோர்ட்டு அந்தத் தீர்ப்ப ஒதுக்கி வச்சுட்டு வேற ஒரு தராசத் தூக்குச்சு. இந்த ஏற்பாட்டுல அதிகப் பலன் யாருக்கு, புள்ளைக்கா கம்பெனிக்கான்னு பாருங்கன்னு. எனக்கு இங்கிலீசு கோர்ட்டுப் பாஷை புரியாது, ஆனா இந்தத் தராசு புரிஞ்சுது. எள்ளு எண்ணெய்க்குக் காயுது, எலிப்புழுக்கை எதுக்குக் காயுதுன்னு எங்க ஆயா கேக்கும். அதே கேள்விதான். கறுப்பு அங்கி போட்டுக்கிட்டுக் கேக்கறாங்க.

பாப்பா பேனாவ எடுத்துட்டா. "இப்ப நான் என்ன செய்யணும், நேராச் சொல்லுங்க தாத்தா."

நேராச் சொல்றது எனக்கு வராது. இருந்தாலும் முயற்சி பண்ணேன். "பதினேழு ஈமெயிலையும் மறந்துடு. மூணே எடம் புடி. மின்னல், ராகான்னு ரேடியோவோ, பெர்னாமா தமிழ்ச் சேதியோ, ஒரு பேப்பரோ, உன் இஷ்டம். ஒவ்வொரு எடத்துலயும் போன ஒரு மாசத்துல வந்தது எதையாவது படி, இல்ல கேளு. அதுல யாரு எழுதினது உனக்குப் புடிச்சிருக்கோ அந்த ஆளுக்குப் போன் போடு. ஆபீஸுக்கு இல்ல, ஆளுக்கு. 'அண்ணே, உங்க சேதி படிச்சேன், இந்த எடம் நல்லா இருந்துச்சு, இந்த எடம் எனக்குப் புரியல'ன்னு சொல்லு. புரியலன்னு சொன்னாத்தான் அவரு நிமிந்து உக்காருவாரு. புகழ்ச்சி அவருக்குத் தெனமும் கெடைக்குது, மாலையோட. அப்புறம் கேளு: நான் எழுதிக் குடுத்தா யாரு பாப்பாங்க, பாத்து வெட்டுவாங்களா, ஏன் வெட்டினாங்கன்னு சொல்வாங்களா. 'நேரமில்லம்மா'ன்னு நேர்மையாச் சொன்னா நன்றி சொல்லி வச்சுடு. 'அதெல்லாம் பாத்துக்கலாம்'னு சொன்னாலும் வச்சுடு, இன்னும் வேகமா. 'நீ எழுதினது எதாச்சும் இருக்கா, அனுப்பு'ன்னு சொல்றாரு பாரு, அவருதான் உன் கங்காணி. போராங்க அவருகிட்டக் கொண்டு போ. சாப் யாரு வேணா குத்தட்டும்."

"கோலாலம்பூர்னா தெனம் கோமுட்டர் ரயில்ல போவணுமே தாத்தா."

"போ. 1995லருந்து ஓடுது, உனக்காகத்தான் வச்சிருக்கான். தீரோய், லாபு, நீலாய், பாத்தாங் பெனார், பாங்கின்னு ஒண்ணரை மணிநேரம் போவும், வரும். அந்த மூணு மணிநேரமும் காதுல ஒயர மாட்டாத. பக்கத்து சீட்டு அம்மா போன்ல என்ன சண்ட போடுதுன்னு கேளு. லாபுல ஏறுறவன் எங்க வேலைக்குப் போறான், முன்னால அங்க தோட்டத்துல என்ன வேலை பாத்தான்னு கேளு. அவன் சொல்றது எதுவும் புக்கு லோக்ல எழுதக் கட்டம் இருக்காது. வேற நோட்டுல எழுதி வை. அலவன்ஸ் எவ்வளவுன்னும் வெக்கப்படாமக் கேட்டுடு, டிக்கெட்டுக் காசுகூட வராதுன்னா உங்க அப்பாகிட்ட முன்கூட்டியே சொல்லிடு. அந்த மனுசன் லோரி ஓட்டுறாரு, திடீர்னு சொல்லாத."

"இல்லாட்டி சிரம்பான்லயே பாக்கட்டுமா? ஆர்.டி.எம். நெகிரி எப்.எம். இங்கதான இருக்கு."

"தாராளமா. மலாய்லதான் பேசணும், பேசு. நெகிரிக் கொச்சையோட பேசிப் பழகிட்டின்னா, நீ போற கம்பத்துல எல்லாம் ஒரு கிளாஸ் தண்ணியாவது கெடைக்கும், சேதியும் கெடைக்கும். தமிழ்ல எழுதுறவளுக்கு மலாய்க் காது இருந்தா அது ரெண்டாவது மங்கு. பக்கத்துல ரெம்பாவுல யூ.ஐ.டி.எம்.ல இதே படிப்பு இருக்கு. அது பூமிபுத்ரா புள்ளைங்களுக்கான எடம், நமக்கு அந்தக் கேட்டு இல்ல. ஆனா அங்க படிச்ச புள்ளைங்க உன்கூட ஒரே மேசையில உக்காருவாங்க. கேட்டப் பத்தி நெனைக்காத, மேசையப் பத்தி நெனை."

எழுதினது எதாச்சும் அனுப்புன்னா என்னத்த அனுப்புவன்னு கேட்டேன். பாப்பா பைலப் புரட்டினா. அசைன்மெண்டு இருக்கு: 'சமூக ஊடகங்களின் தாக்கம்: ஓர் ஆய்வு'. நாப்பது பக்கம். நான் கண்ண மூடிக்கிட்டேன்.

"ஏன் தாத்தா?"

"தூக்கம் வந்துடுச்சும்மா, தலைப்புக்கே."

இதுல ஒரு மனுசன் பேசறானா, ஒரு தெரு பேரு இருக்கான்னு கேட்டேன். இல்ல. "அப்ப ஒண்ணு புதுசா எழுது. எங்கயும் போவாத. இந்த லோரோங்லயே எழுது. தோட்டத்துலருந்து வந்து எறங்கின கெழடு கட்டைங்க எத்தனை பேரு இருக்கோம். ஒருத்தரு கத்திய வச்சிருக்காரு, ஒருத்தி காண்டா வாளியில செம்பருத்தி நட்டு வச்சிருக்கா. இந்த ஊரு முள்ளங்கின்னு பேரு வாங்கினது எப்படின்னு பத்து பேருகிட்டக் கேளு, பதினொரு கதை வரும். மூத்த ஆளாப் பாத்து ஒருத்தரப் புடிச்சு, அவரு கதையையே எழுதேன். தொண்ணூறு வயசு, பால்மரம், கதை வகுப்பு... எவ்வளவு சேதி இருக்கு. அவரு பேரோட."

இப்பத்தான் உங்களுக்கு உண்மையச் சொல்லணும். எழுவது வருஷமா பேப்பர் படிக்கிறேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவைகூட என் பேரு அதுல வரல. இனிமே வரப்போறது ஒரு பக்கத்துலதான், அது கண்ணீர் அஞ்சலிப் பக்கம். படம் நல்லா இருக்கும், ஆனா நான் பாக்க முடியாது. அதுக்கு முன்னால வேற எதாச்சும் ஒரு பக்கத்துல வந்துட்டா நல்லா இருக்குமேன்னு ஒரு ஆசை. இத்தனை நேரம் இந்தப் பாப்பாவுக்கு ஊதின சங்கெல்லாம் இந்த ஒரு தீபாராதனைக்குத்தான்னு நீங்க நெனச்சா, தப்பில்ல.

பாப்பா நிமிந்து உக்காந்தா. நோட்டுல புதுப் பக்கம் திருப்பினா. தேதி போட்டா. லோபாக்னு எழுதினா. "சரி தாத்தா, உங்க கதையையே எழுதறேன். பேரு எப்படி எழுதணும், இனிஷியலோடயா?"

சொன்னேன். நெஞ்சு கொஞ்சம் நிமிந்துதான் இருந்துச்சு.

"ஐ.சி.யக் காட்டுங்க."

"ஐ.சி. எதுக்கும்மா, பேங்க் கடனா வாங்கறோம்?"

"எழுத்து சரியா இருக்கான்னு பாக்கணும் தாத்தா. சொல்றத அப்படியே எழுதக்கூடாது, சரிபாக்கணும்னு மொத செமஸ்டர்லயே சொல்லிக் குடுத்துட்டாங்க."

படிப்பு சும்மா இல்லன்னு அப்பத்தான் தெரிஞ்சுது. பர்ஸ எடுத்துக் குடுத்தேன். அவ பேரப் பாக்கல. நம்பரப் பாத்தா. நம்ம நாட்டு ஐ.சி.யில ஒரு கஷ்டம், பொறந்த வருஷத்தத் தலையிலயே ஒட்டி வச்சிருக்கான்.

"தாத்தா, நாலு எட்டுன்னு ஆரம்பிக்குது."

"தோட்டத்துக் கிராணிம்மா. அந்தக் காலத்துல அவரு இஷ்டத்துக்கு..."

"1948. அப்ப 1950ல உங்களுக்கு ரெண்டு வயசு."

பக்கத்து வீட்டுச் சேவல் ஒண்ணு அந்த நேரம் பாத்துக் கூவிச்சு, சாயங்காலம் ஆறு மணிக்கு.

"ரெண்டு வயசுலயே கள்ளுக்கடைக் கதையா தாத்தா?"

அவ சிரிக்கல, அதான் எனக்குப் பயம். பேனா நோட்டு மேல நிக்குது. காத்துக்கிட்டிருக்கா. கங்காணி வெளக்கப் புடிச்சுக்கிட்டு மரத்துப் பக்கத்துல நின்ன மாதிரி.

"எங்க அப்பா"ன்னேன். "அப்பா எழுதினது. அனுப்பினாரு. நாந்தான் பின்னால என்னுதுன்னு சொல்லிக்கிட்டேன், கோயில்ல, சாவு வீட்டுல, அங்கங்க."

"பேப்பர்ல வந்துச்சா?"

"வரல."

"அப்புறம் எப்படித் தெரியும், அவரு எழுதினாருன்னு?"

"அவரு நோட்டு இருக்கு. பென்சில்ல எழுதினது. டிரங்குப் பெட்டியில."

"எடுத்துட்டு வாங்க, பாக்கணும்"னா. தாத்தான்னு கூடச் சொல்லல.

எந்திரிச்சேன். முழங்கால் ரெண்டும் சத்தம் போட்டுச்சு. வாசப்படி தாண்டுறப்ப திரும்பிப் பாத்தேன். நோட்டுல ஏற்கெனவே என்னமோ ரெண்டு வரி எழுதியிருந்தா. அதுல ஒரு வார்த்தைய அடிச்சுட்டு அதுக்கு மேல வேற ஒண்ணு எழுதிக்கிட்டிருந்தா. என்ன வார்த்தைன்னு தெரியல. கண்ணாடி உள்ள இருந்துச்சு.